வைத்தியர் தொலைவில் இருந்தால் வைத்தியம் குறையுமா?

பருத்த உடம்பைக் கண்டு, "செல்வம் கொழிக்கும் மேனி" என்று போற்றிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் மலையேறிவிட்டது. மிகையான பருமனை ஒரு நோய்நிலை என்றே இன்றைய வைத்திய உலகம் கொள்கின்றது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், முழங்கால் மூட்டுத் தேய்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகிய பலவற்றுக்கும் அது வாயிலாகின்றது. ஆகவே உடல் நிறையைக் குறைக்க விரும்புவோர் தொகை உலகெங்கும் பெருகியிருப்பதில் வியப்பில்லை.

வியப்புக்குரியது வேறொன்று. ஐக்கிய அமெரிக்காவில் நிறை குறைக்க விரும்பும் ஒருவர் இன்று வைத்தியரின் வாயிலை மிதிக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே கைத்தொலைபேசியில் சில வினாக்களுக்கு விடை எழுதுகின்றார். திரையில் தோன்றும் வைத்தியரோடு சிறிது நேரம் உரையாடுகின்றார். சில நாட்களில் ஊசிமருந்து தபாலில் வந்து சேர்கின்றது. இதனைத் தொலைமருத்துவம் என்பர். இவ்வழக்கம் இங்கிலாந்திலும் பரவியுள்ளது. அந்நாடுகளில் வாழும் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அரிது. விளம்பரங்களுக்கோ கடல் ஒரு தடையன்று. ஆகவே இதன் நன்மை தீமைகளை நாமும் அறிந்திருத்தல் நலம்.

இதைப் பற்றிப் பேசும்போது நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். "நாடி பிடித்துப் பாராத வைத்தியமும் ஒரு வைத்தியமா?" என்பர் ஒரு சாரார். "மருந்து ஒன்றுதானே; அது எவ்வழி வந்தால் என்ன?" என்பர் மற்றச் சாரார். இரண்டு கூற்றும் பொருந்தா என்பது நம் கருத்து. நாம் அளக்க வேண்டியது நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையிலுள்ள தூரத்தை அன்று. அவ்விருவருக்கும் இடையே மேற்பார்வை என்பது உண்டா இல்லையா என்பதையே.

பருமன் சோம்பலின் கூலியா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைதல் வேண்டும். பருத்தவர் எல்லோரும் சோம்பேறிகள், நாவை அடக்க மாட்டாதவர்கள் என்று எள்ளி நகையாடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உடலின் இயல்பை அறிந்தவர் அவ்வாறு கூறார். உணவைக் குறைத்து ஒருவர் மெலியத் தொடங்கியதும், உடல் அதனைப் பஞ்சம் என்று கருதித் தன்னைக் காத்துக்கொள்ள முற்படுகின்றது. பசியைத் தூண்டும் ஓமோன் மிகுகின்றது. நிறைவைத் தரும் ஓமோன்கள் குறைகின்றன. உடல் செலவிடும் சக்தியும் சுருங்குகின்றது. முயன்று குறைத்த நிறை மெல்ல மெல்ல மீண்டும் ஏறுவதற்குக் காரணம் இதுவே.

இலண்டனில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்பவரின் கதை இதற்கு நல்ல சான்று. ஈமக் கிரியைகளுக்கு வேண்டியன செய்து கொடுப்பது அவர் தொழில். 202 இறாத்தல் நிறையுடன் படியிறங்கவும் வருந்திய அவர், காலைதோறும் படகு வலித்துப் பார்த்தார். தசை வலுவடைந்தது, பசியும் பெருகியது, உடம்பு மெலியவில்லை. 1862இல் காது மந்தம் என்று வில்லியம் ஹார்வி என்னும் வைத்தியரிடம் சென்றபோது, அவர் காதோடு நில்லாமல் உடம்பு முழுவதையும் நோக்கி, பருமனே மூலம் என்று கண்டு, மாப்பொருளையும் சீனியையும் விலக்கும் உணவு முறை ஒன்றை வகுத்துக் கொடுத்தார். ஓராண்டளவில் பாண்டிங் 40 இறாத்தலுக்கு மேல் மெலிந்தார். அவர் 1863இல் அச்சிட்டு வெளியிட்ட சிறு நூல் பெரும் புகழ் பெற்றது. நோயாளி சொன்ன குறையைக் கடந்து மூலத்தைத் தேடிய வைத்தியரின் கண்ணே அங்கு மருந்தாயிற்று.

பருமனை அளக்க இன்று வழங்கும் கருவி உடற்திணிவுச் சுட்டி. கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 1.6 மீற்றர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோ இருப்பாராயின் அவருடைய சுட்டி 25. பொதுவாக 25க்கு மேல் மிகைநிறை என்றும், 30க்கு மேல் பருமன் என்றும் வகுப்பர். ஆனால் ஆசிய மக்கள் பலருக்கு இதனினும் குறைந்த அளவிலேயே நீரிழிவும் இருதய நோயும் நெருங்குகின்றன. ஆகவே 23, 27.5 ஆகிய அளவுகளையும் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. மேற்கூறிய உயரமுள்ள நம்மவர் ஒருவர் 59 கிலோவை எட்டும்போதே தம் இடுப்பின் சுற்றளவையும் குருதியிலுள்ள சீனியின் அளவையும் கவனிக்கத் தொடங்குதல் நன்று.

அருகில் இருந்தும் காவாத வைத்தியம்

வைத்தியர் நேரில் இருந்தாற் போதும், தீங்கு நேராது என்று எண்ணுவோர் அமெரிக்காவின் பழைய வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1933இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், டைனைற்றோபீனோல் என்னும் இரசாயனப் பொருள் உடலின் கொழுப்பை எரிப்பதாக அறிவித்தனர். மருந்துச் சட்டங்கள் வலுவற்றிருந்த காலம் அது. மக்கள் அதனை வாங்கி விழுங்கினர். உடம்பு மெலிந்தது மெய்யே. ஆனால் சிலருக்குக் கண்ணில் புரை படர்ந்தது. சிலர் உள்வெப்பம் மிகுந்து மாண்டனர். 1938இல் புதிய சட்டம் வந்த பின்னரே அது மருந்துக் கடைகளை விட்டு நீங்கியது.

அதன் பின் வந்தவை 'வானவில் மாத்திரைகள்'. நிறை குறைப்பதற்கென்றே நடத்தப்பட்ட வைத்திய நிலையங்களில் பல நிற மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனர். அம்பெற்றமைன், தைரொயிட் சுரப்பு, இருதய நோய்க்குரிய டிஜிற்றலிஸ், சிறுநீர் பெருக்கி ஆகியவை அவற்றுட் கலந்திருந்தன. பருமனே இல்லாத பெண் நிருபர் ஒருவரை 'லைஃப்' சஞ்சிகை இத்தகைய வைத்தியர் பதின்மரிடம் அனுப்பியது. அவர் கொண்டுவந்த மாத்திரைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. 1968இல் அச்செய்தி வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க செனற் சபையும் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக. அந்தப் பத்து வைத்தியரும் அந்நிருபருக்கு எதிரே, ஒரே அறையில், கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தவர்கள். தூரம் இல்லை, ஆயினும் மேற்பார்வையும் இல்லை. கண் இருந்தது, பார்வை இல்லை.

தொலைவில் இருந்தும் காத்த வைத்தியம்

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பாழ்நிலங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பல மைல் தூரம். அங்கே 1928இல் பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கிற்று. அடுத்த ஆண்டில், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி அம்மக்களுக்குக் கிடைத்தது. அதன் வழியே தாய்மார் தம் குழந்தையின் நோய்க்குறிகளைக் கூற, வைத்தியர் தொலைவிலிருந்தே வழி கூறினார். அமெரிக்காவில் நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தார் 1959இல் இருவழித் தொலைக்காட்சி மூலம் மனநோயாளருக்குச் சிகிச்சை அளித்தனர். 1964இல் 112 மைலுக்கு அப்பாலிருந்த வைத்தியசாலை ஒன்றுடன் அத்தொடர்பை இணைத்தனர். 2020இல் கொவிட் நோய் பரவியபோது பல நாடுகளில் இம்முறை வீட்டுக்கு வீடு புகுந்தது.

நிறை குறைக்கும் சிகிச்சைக்கு இம்முறை பொருந்துமா? 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் பருமனுடைய 415 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு நேரிலும் தொலைபேசியிலும் ஆலோசனை வழங்கப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குத் தொலைபேசி, இணையத்தளம், மின்னஞ்சல் ஆகியவற்றால் மட்டுமே ஆலோசனை கிடைத்தது. மூன்றாம் பிரிவினர் தம் முயற்சிக்கே விடப்பட்டனர். முதலிரு பிரிவினரின் முன்னேற்றமும் அவரவர் வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டு வந்தது. ஈராண்டின் முடிவில், நேரில் ஆலோசனை பெற்றவர் சராசரி 5.1 கிலோவும், தொலைவிலிருந்து பெற்றவர் 4.6 கிலோவும் குறைந்திருந்தனர். தனியே விடப்பட்டவர் குறைந்தது 0.8 கிலோ மட்டுமே. முன்னிரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. அவற்றுக்கும் மூன்றாவதற்கும் இடையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

காரணம் எளிது. நிறை குறைத்தல் ஒருநாட் காரியம் அன்று. வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தல், உண்டதைக் குறித்து வைத்தல், வந்த உபாதையைச் சொல்லுதல், மருந்தின் அளவைச் சரிசெய்தல் என்று, சிறு சிறு செயல்கள் மாதக்கணக்கில் தொடர வேண்டும். பத்து நிமிடப் பேச்சுக்காக அரைநாள் விடுப்பெடுத்துக் காத்திருப்பவர் மூன்றாம் முறை வாராமலே நின்றுவிடுவர். ஏச்சுக்கும் ஏளனத்துக்கும் அஞ்சி வைத்தியசாலையை அண்டாத பருமனுடையோரும் பலர். அத்தகையோருக்குத் தொலைபேசி ஓர் அருந்துணை.

புதிய மருந்தும் அதன் இயல்பும்

இவ்வாறு ஆலோசனையாக இருந்த தொலைமருத்துவத்தைப் பெரு வணிகமாக்கியது ஒரு புதிய மருந்தினம். நாம் உண்டதும் குடல் ஒரு வகை ஓமோனைச் சுரக்கின்றது. அது இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற உணர்வை மூளைக்கு அறிவிக்கின்றது. ஆனால் சில நிமிடங்களில் அது சிதைந்துவிடும். கீலா என்னும் அமெரிக்கப் பாலைநிலப் பல்லியின் நஞ்சில் இதனை ஒத்த, ஆயினும் நெடுநேரம் நிலைக்கும் பொருள் ஒன்றை ஜோன் எங் என்னும் நியூயோர்க் வைத்தியர் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்த நீரிழிவு மருந்து 2005இல் அனுமதி பெற்றது. பின்னர் வந்த செமாகுளுடைட் வாரம் ஒருமுறை ஏற்றிக்கொள்ளும் ஊசியாயிற்று. நீரிழிவுக்கு ஒஸெம்பிக் என்ற பெயரில் 2017இலும், நிறை குறைப்புக்கு வீகோவி என்ற பெயரில் 2021இலும் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அதற்கு அனுமதி அளித்தது.

1961 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், 68 வாரங்களில் இம்மருந்தைப் பெற்றவர் தம் நிறையில் சராசரி நூற்றுக்கு 14.9 வீதம் குறைந்தனர். வெறும் ஊசி பெற்றவர் 2.4 வீதம். விளம்பரங்கள் முழங்குவது இந்த எண்ணையே. அவ்வாய்வில் கலந்துகொண்டவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனையும் வழங்கப்பட்டது என்பதை அவ்விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. மருந்தை நிறுத்தியவர் ஓராண்டுக்குள் இழந்த நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைத் திரும்பப் பெற்றனர் என்பதும் அவ்வாய்வின் தொடர்ச்சியிற் கண்ட உண்மை.

மேலும், இம்மருந்தை முழு அளவில் தொடங்குதல் ஆகாது. வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை உயர்த்தி, 2.4 மில்லிகிராமை அடைய நான்கு மாதமாகும். குமட்டல், வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வரும். சிலருக்குப் பித்தக்கல்லும், அரிதாகச் சதையி அழற்சியும் நேர்வதுண்டு. தைரொயிட் சுரப்பியில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்தாருக்கோ வந்திருப்பின் இதனைத் தொடவே கூடாது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இன்சுலின் போன்ற நீரிழிவு மருந்துகளைப் பாவிப்போருக்குக் குருதிச் சீனி அளவு மீறித் தாழலாம். இவை யாவும், கேட்டால் மட்டுமே தெரியவருவன. தொடர்ந்து கேட்டால் மட்டுமே காலத்தில் தெரியவருவன.

நான்கு உறுப்புகள்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்த மாணவர்கள், வைத்தியத்துக்கு வள்ளுவர் நான்கு உறுப்புக் கூறியதை அறிவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அவை. இந்நான்கும் தொலைமருத்துவத்தில் உண்டா என்று பார்ப்பதே அதனை உரைத்துப் பார்க்கும் உரைகல்.

நல்ல முறையில் நடக்கும் இடத்தில் நான்கும் உண்டு. வைத்தியர் முதற்கண் பழைய நோய்களையும் குடும்ப வரலாற்றையும் பாவிக்கும் மருந்துகளையும் விசாரிக்கின்றார். நிறை கூடுவதற்குத் தைரொயிட் குறைபாடோ, உட்கொள்ளும் வேறு மருந்தோ காரணமாகலாம் அன்றோ? ஆகவே நோயாளியின் ஊரிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் குருதியைச் சோதிப்பிக்கின்றார். கழுத்தைத் தடவிப் பார்த்தல், இருதய ஒலியைக் கேட்டல் முதலியன திரையில் இயலா. தேவைப்படின் நேரில் ஒரு வைத்தியரைக் காணுமாறு பணிக்கின்றார். வீட்டுத் தராசும் இரத்த அழுத்தமானியும் காட்டும் அளவுகளைக் கேட்டு அறிகின்றார். தாதியும் போசணை நிபுணரும் வாரந்தோறும் பேசுகின்றனர். "உமக்கு இம்மருந்து வேண்டாம்" என்று சொல்லவும் அவர் தயங்குவதில்லை.

தீய முறையில் நடக்கும் இடத்திலோ இரண்டே உறுப்புகள்: பணம் கட்டும் நோயாளியும், தபாலில் வரும் மருந்தும்.

வினாத்தாளும் விற்பனையும்

இதன் அபாயத்தை அமெரிக்கர் முன்னரே கண்டவர்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த றையன் ஹெயிற் என்னும் 18 வயது மாணவர், தம்மை ஒருபோதும் பாராத வைத்தியர் ஒருவரின் அனுமதியால் இணையத்தில் வாங்கிய வலிநீக்கி மருந்தினால் 2001இல் உயிரிழந்தார். அவர் பெயராலேயே 2008இல் ஒரு சட்டம் பிறந்தது. போதைக்கு இடமளிக்கும் கட்டுப்பாட்டு மருந்துகளை இணைய வழியே கொடுப்பதற்கு முன் வைத்தியர் நோயாளியை ஒருமுறையேனும் நேரிற் காண வேண்டும் என்று அது விதித்தது. 2020இல் கொவிட் காலத்தில் அவ்விதி தளர்த்தப்பட்டது. செமாகுளுடைட் போதை மருந்தன்று. ஆகவே அச்சட்டம் அதனைத் தீண்டவில்லை. அவ்விடைவெளியிலேதான் வணிகம் புகுந்தது.

வீகோவி விற்பனைக்கு வந்தபோது அதன் ஒரு மாத விலை ஆயிரம் டொலருக்கு மேல். 2022இல் மருந்துக்குத் தட்டுப்பாடும் வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் மருந்தகங்கள் தாமே கலந்து தயாரிக்கச் சட்டம் இடந்தந்தமையால், சிறு போத்தல்களில் மலிவான கலவைகள் பெருகின. அளவு குறித்த ஊசிக்குப் பதிலாக, நோயாளியே ஊசிக்குழலில் அளந்து எடுக்க நேர்ந்தது. மில்லிகிராம், மில்லிலீற்றர், அலகு என்பன குழம்பி, வேண்டிய அளவைப் போல் ஐந்து முதல் இருபது மடங்கு வரை ஏற்றிக்கொண்டவர் உண்டு என்றும், அவர்களுட் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்றும் உணவு மருந்து நிருவாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது. செமாகுளுடைட் தட்டுப்பாடு நீங்கியதாக 2025 பெப்ரவரியில் அது அறிவித்தது.

அதே மாதத்தில் பிரித்தானியாவின் மருந்தாளர் மன்றம் ஒரு நெறியை விதித்தது. நோயாளி நிரப்பிய வினாத்தாளை மட்டும் நம்பி இணைய மருந்தகங்கள் நிறை குறைக்கும் மருந்தைக் கொடுத்தல் ஆகாது. திரைவழிச் சந்திப்பு, நேர்ச் சந்திப்பு, வைத்தியக் குறிப்பேடு ஆகியவற்றுள் ஒன்றினாலேனும் உயரத்தையும் நிறையையும் உறுதிப்படுத்த வேண்டும் என்பது அது. 50 கிலோ உள்ள பெண் ஒருத்தி 80 கிலோ என்று எழுதினால் வினாத்தாள் அதனை அறியாது. ஒரு கண் நோக்கினால் உடனே அறியும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஆதலின், அயல்நாட்டிலுள்ள உறவினர் எவரேனும் இவ்வழியை நாடுவாராயின் அவருக்கு நாம் எழுத வேண்டியவை இவை. மருந்துச் சிட்டையில் ஒப்பமிடும் வைத்தியரின் பெயர் தெரியுமா? நோயாளி வசிக்கும் மாநிலத்தில் வைத்தியம் செய்ய அவருக்கு உத்தரவு உண்டா? முதல் மருந்துக்கு முன் குருதிச் சோதனையும் குடும்ப வரலாறும் கேட்டாரா? நள்ளிரவில் முதுகு வரை ஊடுருவும் வயிற்றுவலி வந்தால் யாரை அழைப்பது? மருந்தை நிறுத்தும் காலத்துக்கு என்ன திட்டம்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைப்பின் வைத்தியர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. விடை கிடையாவிடின் அவர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் விலகுதல் நன்று.

மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. சற்றே பூசினாற் போன்ற உடம்பு நோயன்று. அமெரிக்காவிலும் வயது வந்தோருக்கு இம்மருந்து அனுமதிக்கப்பட்டது, சுட்டி 30க்கு மேற்பட்டவருக்கும், 27க்கு மேற்பட்டு அதனோடு வேறு நோயும் உடையவருக்குமே. கண்ணாடியில் காணும் உருவம் பிடிக்கவில்லை என்பதற்காகவும், தோழி ஒருத்தி மெலிந்தாள் என்பதற்காகவும் எடுத்துக்கொள்ளும் பொருள் அன்று இது. ஒருவருக்குக் கொடுத்த ஊசியை மற்றொருவர் பகிர்ந்துகொள்வதும் பெருந்தவறு. உடம்பைப் பற்றிய கவலை மனத்தை அரிக்குமாயின், அதனைத் திரைக்கு முன் மறைவாகச் சொல்லாமல், முதலில் தாயிடமோ தந்தையிடமோ, பின்னர் குடும்ப வைத்தியரிடமோ சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம். அவ்வாறு சொல்ல வரும் பிள்ளையை எள்ளி நகையாடாதீர்கள். வீட்டிற் கேட்பார் இல்லாத பிள்ளையே விளம்பரத்தின் காதில் தன் குறையைச் சொல்லத் தொடங்குகின்றது.